14 வீடு வேண்டாம், தம்பி

தென்காசி
7.6.2026

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லாரும் நலம். சாரல் ஆரம்பித்துவிட்டது, கொடியில் போட்ட துணி இரண்டு நாளாகக் காயவில்லை.

ஆகஸ்டில் ஜெர்மனியிலிருந்து வரும்போது யார் யார் வீட்டுக்குப் போவது என்று நீ போட்டு அனுப்பிய அட்டவணையை அப்பா கடையில் பிரிண்ட் எடுத்துவந்து, வருகிறவர்களுக்கெல்லாம் காட்டிக்கொண்டிருக்கிறார். 23 நாளில் 14 வீடு. சில நாளில் காலையில் ஒரு வீடு, சாயங்காலம் ஒரு வீடு. சென்னைக்கு மஞ்சள், மதுரைக்குப் பச்சை என்று கலர் வேறு. கெட்டிக்காரத்தனமாகத்தான் போட்டிருக்கிறாய். ஆனால் இது வேண்டாம் தம்பி. போனில் சொல்ல ஆரம்பித்தால் பின்னால் சின்னவன் கத்துவான், நீ "அப்புறம் பேசுறேம்மா" என்பாய். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். உன் வீட்டுக்காரிக்கும் படித்துக் காட்டு. அவளுக்குச் சேர வேண்டிய விஷயம் ஒன்றும் இதில் இருக்கிறது.

உன் அட்டவணையைப் பார்த்ததும் என் பழைய டைரிகள்தான் ஞாபகம் வந்தன. பரணிலிருந்து இறக்கிப் பார்த்தேன். நான் சென்னையில் டெலிபோன் ஆபரேட்டராக இருந்த காலம். பி.எஸ்.என்.எல். என்று ஆனது 2000-இல்தான், அதற்கு முன்னால் நாங்கள் நேரடியாக மத்திய அரசு ஊழியர்கள். அதனால் எல்.டி.சி. உண்டு, லீவில் குடும்பத்தோடு போய்வரும் பயணச் செலவை அரசாங்கமே கொடுக்கிற சலுகை அது. நாலு வருஷத்துக்கு ஒரு பிளாக். அதில் இரண்டு தடவையும் சொந்த ஊருக்கே போகலாம். இல்லையென்றால் ஒன்றை மட்டும் சொந்த ஊருக்கு வைத்துக்கொண்டு மற்றதில் இந்தியாவில் எங்கே வேண்டுமானாலும் போகலாம். என்னோடு வேலை பார்த்தவர்கள் டார்ஜிலிங், சிம்லா என்று போய்வந்து ஆல்பம் காட்டுவார்கள். நாம் ஒரு தடவைகூட அப்படிப் போகவில்லை. எல்லாம் தென்காசிக்கே. எல்.டி.சி. இல்லாத வருஷத்தில் கைக்காசு போட்டுத் தென்காசி. "நம்ம வீட்டுல டூர்னாலே சொந்தக்காரங்க வீடுதானா?" என்று ஒன்பதாம் வகுப்பில் கேட்டாயே, அதற்கு அன்றைக்கு நான் பதில் சொல்லவில்லை.

கொல்லம் மெயிலில் ராத்திரி எழும்பூரில் ஏறுவோம். அப்போது மீட்டர்கேஜ். வாழையிலையில் கட்டிய மிளகாய்ப்பொடி இட்லி, கூஜாவில் தண்ணீர், ஹோல்டாலில் ஒரு குடும்பத்துக்கான படுக்கை. அர்த்தராத்திரியில் மணப்பாறை முறுக்குக்காரர் குரல் கேட்டால் மட்டும் நீ எப்படியோ எழுந்துவிடுவாய். விடிந்து ஸ்ரீவில்லிபுத்தூர் தாண்டும்போது மேற்கே மலை கூடவே வரும், கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டே இருப்பாய். அந்த ஒரு ராத்திரிதான் உனக்கு லீவு. தென்காசியில் இறங்கியதிலிருந்து டியூட்டி.

டைரியில் வீடு வீடாக எழுதியிருக்கிறேன். யார் வீட்டில் காபி, யார் வீட்டில் சாப்பாடு, எங்கே ராத்தங்கல். போன வருஷம் காபியோடு கிளம்பிய வீட்டில் இந்த வருஷம் கை நனைத்தாக வேண்டும். இல்லையென்றால் "எங்க வீட்டுச் சோறு இறங்காதோ?" என்று மதினி கேட்பாள். இந்தக் கணக்கையெல்லாம் நான் சரியாகவே வைத்திருந்தேன். ஒரு வீடு தப்பவில்லை.

1994 மே மாதம் கடையநல்லூர் பெரியம்மா வீட்டுக்குப் போனது உனக்கு ஞாபகம் இருக்கிறதா என்று தெரியவில்லை. எனக்கு இருக்கிறது. உனக்கு ஏழு வயது. அன்றைக்கு அது மூன்றாவது வீடு. வெயிலில் பஸ் மாறி மாறிப் போயிருந்தோம். பள்ளிக்கூடத்தில் திருக்குறள் ஒப்பித்து நீ பரிசு வாங்கியதை நான்தான் பெருமையாகச் சொன்னேன். "எங்கே, சொல்லு பார்ப்போம்" என்று எல்லாரும் சுற்றி உட்கார்ந்துகொண்டார்கள். நீ கட்டிலுக்கு அடியில் போய்ப் புகுந்துகொண்டாய். கெஞ்சினேன், வரவில்லை. "பட்டணத்துப் பிள்ளைல்லா, அப்படித்தான் இருக்கும்" என்று யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்குத் தாங்கவில்லை. கையைப் பிடித்து வெளியே இழுத்து, அத்தனை பேர் முன்னாலும் முதுகில் ஒன்று வைத்தேன். நீ அழுதுகொண்டே இரண்டு குறள் சொன்னாய். கைதட்டினார்கள். திரும்பும்போது பஸ்ஸில் வாந்தி, ராத்திரி 102 டிகிரி காய்ச்சல்.

நேற்று அந்தப் பக்கத்தை எடுத்துப் பார்த்தேன். "கடையநல்லூர் அக்கா வீடு. சாப்பாடு. பையனுக்கு ஜுரம்" என்று மட்டும் இருக்கிறது. அடித்ததை எழுதவில்லை.

இப்போது உன் மகளுக்கு ஏழு.

போன தடவை வந்தபோது அவளுக்கு நாலு. கன்னத்தைக் கிள்ளின தாத்தாவின் கையைத் தட்டிவிட்டாள். நான் உடனே "ஸாரி சொல்லு" என்றேன். நீ ஒன்றும் பேசாமல் அவளைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போனாய். உனக்குக் கோபம் என்று அன்றைக்கு நினைத்தேன். இப்போது வேறு மாதிரித் தோன்றுகிறது. இந்த முறை "தமிழ் தெரியாதா, ஜெர்மன்தானா?" என்று கேட்பார்கள். அவளுக்கு எல்லாம் புரியும். வீடியோவில் என்னிடம் "ஆச்சி, பூனை சாப்டுச்சா?" என்று கேட்கிறாள். பத்துப் பேர் நின்றுகொண்டு "பேசு, பேசு" என்றால் எந்த ஊர்ப் பிள்ளை பேசும்? யாரும் அவளைப் பாடச் சொல்லாமல் நான் பார்த்துக்கொள்கிறேன். மடியில் உட்காரச் சொல்லிக் கட்டாயப்படுத்தவும் விடமாட்டேன். ஆனால் ஒன்று, பெரியவர்கள் கையில் நூறோ ஐந்நூறோ வைத்து அழுத்தினால் அவள் வாங்கிக்கொள்ளட்டும். "வேண்டாம் வேண்டாம்" என்று நீ நடுவில் புகாதே. கொடுக்கிறவர் வருத்தப்படுவார்.

சரி, இனி என் திட்டம்.

சென்னையில் இறங்காதே. அங்கே இறங்கினால் நாலு வீடு தானாக ஒட்டிக்கொள்ளும். திருவனந்தபுரத்துக்கு டிக்கெட் போடு. அங்கிருந்து செங்கோட்டை வழியாகக் காரில் மூன்று மணி நேரம் ஆகும், கொஞ்சம் கூடவும் ஆகலாம். மலைப்பாதையில் வளைவு நிறைய. சின்னவனுக்குப் பால் கொடுத்த கையோடு கிளம்பாதே, அரை மணி நேரம் பொறுத்துக் கிளம்பு. பெரியவளை ஜன்னல் பக்கம் உட்காரவைத்து, போனைப் பிடுங்கி வைத்துக்கொள். குனிந்து படம் பார்த்தால்தான் குமட்டும். உன் பிள்ளை, உன்னைப் போலத்தான் இருப்பாள்.

உங்கள் ஊரில் காலை ஏழு மணி என்றால் இங்கே பத்தரை. முதல் நாலைந்து நாள் பிள்ளைகள் ராத்திரி பன்னிரண்டு வரைக்கும் ஆடும், காலையில் பத்தரைக்கு எழும். காலை ஆறு மணிக்கே "பிள்ளைங்க எங்கே?" என்று வந்து நிற்கிற உன் பெரியப்பாவிடம் இதை இப்போதே சொல்லி வைத்துவிட்டேன். புரிந்ததா என்று தெரியவில்லை. தலையாட்டினார்.

சின்னவனுக்கு ஆகஸ்ட் 20-இல் இரண்டு வயது முடிகிறது. மடியில் வைத்துக்கொண்டு வருவது வரும்போது சரி, திரும்பும்போது அவனுக்குத் தனி சீட் கேட்பார்கள். எதிர்வீட்டுப் பெண் இதைக் கவனிக்காமல் கடைசி நேரத்தில் அதிக விலைக்கு வாங்கினாள். அதனால்தான் சொல்கிறேன்.

14 வீட்டில் இரண்டு வீட்டுக்கு மட்டும் போவோம். மற்றவர்கள் இங்கே வரட்டும். நீ போட்ட தேதிகளில் நம் சொந்தக்காரப் பிள்ளைகளுக்கெல்லாம் பள்ளிக்கூடம் இருக்கிறது, அதை நீ யோசிக்கவே இல்லை. உங்கள் ஊரில் ஆகஸ்டில்தான் லீவு விடுகிறார்கள். இங்கே ஜூனிலேயே திறந்துவிட்டது. புதன்கிழமை மத்தியானம் போய் நின்றால் பெரியவர்கள் இருப்பார்கள், பெரியவள் யாரோடு விளையாடுவாள்? நீங்கள் லீவுக்கு ஒரு நாள் முன்னால் கிளம்பினாலே அபராதம் என்று நீ சொன்னபோது நான் நம்பவில்லை. 2018-இல் மெம்மிங்கன் விமான நிலையத்தில் போலீஸ் நின்று, பிள்ளைகளோடு முன்கூட்டியே லீவுக்குக் கிளம்பிய குடும்பங்களை விசாரித்த செய்தியை அனுப்பினாய். அப்புறம்தான் நம்பினேன். அவ்வளவு கட்டுப்பாட்டில் இருக்கிற ஊரிலிருந்து வந்து, இங்கே நம் பிள்ளைகளை மட்டும் லீவு போடச் சொல்ல முடியுமா?

ஆகஸ்ட் 15 சனிக்கிழமை வருகிறது, மறுநாள் ஞாயிறு. 16-ஆம் தேதி எல்லாரையும் நம் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிடுகிறேன். சொதி, இஞ்சிப் பச்சடி, உருளைக்கிழங்கு சிப்ஸ். சமையலுக்கு ஆள் சொல்லியாகிவிட்டது. நீயும் நானும் அடுப்படியில் நிற்க வேண்டியதில்லை. மாடியில் ஓர் அறையைச் சாத்தி வைக்கிறேன். பிள்ளைகளுக்குச் சத்தம் பிடிக்காவிட்டால் அங்கே போய்விடலாம். "அங்கே போனீங்க, எங்க வீட்டுக்கு வரலையே" என்ற பேச்சுக்கும் இடமில்லை. பேசுகிறவர்கள் எப்படியும் பேசுவார்கள், அதற்கு நான் இருக்கிறேன். சாக்லேட் கொண்டுவந்தால் எல்லா வீட்டுக்கும் ஒரே மாதிரி கொண்டுவா. ஒரு வீட்டுக்குப் பெரிய டப்பா, இன்னொரு வீட்டுக்குச் சின்னது என்று போனால் அடுத்த தீபாவளி வரைக்கும் நான் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

போக வேண்டிய இரண்டு வீட்டில் ஒன்று புளியங்குடி மாமா வீடு. தையில் அத்தை தவறினபோது உன்னால் வர முடியவில்லை. போனில் பேசினாய், அது போதாது. நேரில் போய்த் துஷ்டி கேட்டுவிட்டு வரணும். பிள்ளைகளைக் கூட்டிப் போக வேண்டாம், நீயும் நானும் மட்டும் காலையில் போய்வருவோம். கிளம்பும்போது "போயிட்டு வரேன்" என்று வாய் தவறிச் சொல்லிவிடாதே, பேசாமல் எழுந்து வந்துவிட வேண்டும். அங்கிருந்து நேரே வீடு, குளியல். வழியில் யார் வீட்டிலும் நுழையக்கூடாது. அப்பா "பக்கத்துலதானே, சித்தப்பா வீட்டையும் எட்டிப் பார்த்துரலாம்" என்பார். கேட்காதே. அவர் ஏற்கெனவே யாரிடமும் கேட்காமல் மூன்று வீட்டுக்கு வாக்குக் கொடுத்து வைத்திருக்கிறார்.

குற்றாலம் கேட்பாய். தாராளமாகப் போகலாம். ஆனால் வார நாளில் போவோம். பிள்ளைகளுக்குப் புலியருவி போதும், பேரருவியில் அந்தக் கூட்டத்தில் நிற்க முடியாது. போலீஸ் கயிறு கட்டினால் திரும்பிவிட வேண்டும், பேச்சே கூடாது. 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீரென்று வந்த வெள்ளம் 17 வயதுப் பையன் ஒருவனை அடித்துக்கொண்டு போனது. மேலே மலையில் பெய்கிற மழை கீழே நிற்கிறவனுக்குத் தெரியாது. ஆகஸ்ட் 12 ஆடி அமாவாசை, அப்பா பாபநாசம் போவார். அந்தக் கூட்டத்துக்குள் பிள்ளைகளோடு போகவே கூடாது.

இப்போது உன் வீட்டுக்காரி விஷயம். உன் அட்டவணையில் கோயம்புத்தூருக்கு நாலே நாள் கொடுத்திருக்கிறாய். அதிலும் ஒரு நாள் உன் நண்பன் வீடு. அவளுக்கும் அம்மா அப்பா இருக்கிறார்கள். அவர்களும் மூன்று வருஷமாகப் பேரப்பிள்ளைகளை போனில்தான் பார்க்கிறார்கள். நான் கல்யாணமாகி வந்த பிறகு மே மாத லீவில் என் அம்மா வீட்டுக்கு எனக்குக் கிடைத்ததும் நாலு நாள்தான். டைரியில் அதையும் எண்ணிப் பார்த்தேன். ஒரு வருஷம் மூன்று. ஆகையால் பாதிக்குப் பாதி. 17-ஆம் தேதி வரைக்கும் இங்கே. அன்றைக்கு ராத்திரி திருநெல்வேலியில் வண்டி ஏறுங்கள், அப்புறம் கடைசி வரைக்கும் கோவை. திரும்பும் விமானத்தைக் கொச்சியிலிருந்து போட்டுக்கொண்டால் மறுபடி தெற்கே வந்து அலைய வேண்டாம்.

முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்னால்தான் திறக்கிறது, முன்பு போல 120 நாள் இல்லை. 17-ஆம் தேதி வண்டிக்கு ஜூன் 18 காலையில் அப்பா உட்கார்ந்து போட்டுவிடுவார். பெரியவளுக்கு அரை டிக்கெட் எடுத்தால் படுக்கை கிடையாது, அதனால் முழு டிக்கெட்டே போடச் சொல்லியிருக்கிறேன். சின்னவனுக்கு வேண்டாம், உங்களில் யாரோடாவது படுத்துக்கொள்வான். எனக்கும் வழியனுப்பக் கோவை வரைக்கும் வர ஆசைதான். மூத்த குடிமக்கள் சலுகையை 2020-இல் எடுத்ததிலிருந்து அப்பா டிக்கெட் விலையைப் பார்க்கும்போதெல்லாம் ஒரு பெருமூச்சு விடுகிறார், அதைக் கேட்கப் பயந்துகொண்டு ஸ்டேஷனோடு நின்றுகொள்கிறேன்.

இரண்டாவது வீடு கடையநல்லூர்தான். பெரியம்மா இடுப்பு எலும்பு முறிந்து படுத்து எட்டு மாசம் ஆகிறது. அவளால் இங்கே வர முடியாது. உன்னைக் கேட்டுக்கொண்டே இருக்கிறாள். நீ குறள் சொன்ன கதையை இன்னமும் பெருமையாகச் சொல்கிறாள், நான் அடித்ததை மட்டும் விட்டுவிட்டுச் சொல்கிறாள். இந்த வீட்டுக்குப் பிள்ளைகளோடு போவோம். ஒரு மணி நேரம் இருந்தால் போதும்.

அவள் படுத்திருப்பது அதே கட்டில்தான். பெரியவள் அதற்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டால் உட்காரட்டும். கூப்பிட வேண்டாம்.

அன்புடன்,
அம்மா

பி.கு: மிளகாய்ப்பொடி இடிக்கக் கொடுத்திருக்கிறேன். போன தடவை கொண்டுபோன டப்பா இரண்டையும் மறக்காமல் எடுத்துவா.