நியூ ஹேவனில் இருக்கும் முரளிக்கு

அன்புள்ள முரளி,

போனில் "நன்றாக இருக்கிறேன் அம்மா" என்பதற்கு மேல் நீ பேசுவதில்லை. அதனால்தான் பேனாவை எடுத்தேன். இங்கே எல்லோரும் சௌக்கியம். அத்தைக்குக் கண் ஆபரேஷன் முடிந்தது. நேரத்துக்குச் சாப்பிடு.

நேற்று காயத்ரியையும் குழந்தையையும் பாரிமுனைக்கு அழைத்துப் போனேன். பழைய சட்டக் கல்லூரி வளாகத்தில் எலிஹு யேல் தன் மகன் டேவிட்டுக்கு எழுப்பிய கல்லறை இருக்கிறதல்லவா, "உன் அப்பா வேலை பார்க்கும் யேல் பல்கலைக்கழகத்துக்கு இந்தப் பையனின் அப்பா பெயர்தான்" என்று குழந்தைக்குச் சொன்னேன். அவனுக்கு ஒரே ஆச்சரியம். உனக்கு வேலை கிடைத்தபோது தெரு முழுக்கச் சொல்லி மகிழ்ந்தவள் நான். நீயோ அங்கே யாரிடமும் மதராஸ் கதையைச் சொல்லியிருக்க மாட்டாய். சரித்திர வாத்தியாரம்மாவின் பிள்ளை!

யேல் பாஸ்டனில் பிறந்தவன். சிறு குழந்தையாக இங்கிலாந்துக்குப் போனபின் அமெரிக்க மண்ணை மறுபடி மிதிக்கவே இல்லை. 1687 முதல் 1692 வரை நம் ஜார்ஜ் கோட்டைக்குக் கவர்னர். கிழக்கிந்தியக் கம்பெனிச் சம்பளத்தை நம்பியா பணக்காரன் ஆனான்? வைரத்திலும் சொந்த வியாபாரத்திலும் சேர்த்த காசு. அவன் காலத்தில் இங்கிருந்து மனிதர்களை அடிமைகளாகக் கப்பல் ஏற்றியதையும் மறக்கக்கூடாது. 1718இல், பணமில்லாமல் தவித்த கனெக்டிகட் கல்லூரிக்கு ஒன்பது பொதி சரக்கும், 417 புத்தகங்களும், முதலாம் ஜார்ஜ் மன்னரின் படமும் அனுப்பினான். சரக்கு 562 பவுண்டுக்கு விலைபோனது. அந்தக் காசுக்குத்தான் அவன் பெயர் அங்கே இத்தனை காலம் நிற்கிறது.

கோட்டைக்குள் இருக்கும் புனித மேரி ஆலயத்தின் பதிவேட்டில் ஏறிய முதல் கல்யாணமும் அவனுடையதுதான். 1680இல், கேத்தரின் என்ற விதவையோடு. பின்னாளில், 1753இல், ராபர்ட் கிளைவ் மார்கரெட்டைக் கைப்பிடித்ததும் அங்கேதான். அவள் அண்ணன் நெவில் மாஸ்கலின் கிரீனிச்சில் அரச வானியலாளர் ஆனார். அது பெரிய கதை, இன்னொரு நாள் எழுதுகிறேன்.

டேவிட் 1688இல் இறந்தான், நான்கு வயதுகூட நிரம்பவில்லை. அடுத்த வருடம் கேத்தரின் மற்றப் பிள்ளைகளோடு இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறினாள். யேல் 1699 வரை இங்கேயே இருந்துவிட்டான். வகுப்பில் இதை ஒரே வரியில் தாண்டிவிடுவேன். நேற்று காயத்ரி, "அவள் திரும்பி வந்தாளா அத்தை?" என்று கேட்டாள். இல்லை என்றேன். அதற்குப் பிறகு வீடு வரும்வரை அவள் வாய் திறக்கவில்லை.

ஒரு மாத லீவு என்று வந்தவளின் பெட்டியில் இரண்டு குளிர்காலக் கோட்டுகள் இருக்கின்றன. குழந்தைக்கு அடுத்த வருடத்துக்கென்று பெரிய அளவில் வாங்கியதும் இருக்கிறது. நம் ஊர் வெயிலுக்கு அவை எதற்கு? நான் கேட்கவில்லை. உன்னிடமும் கேட்கவில்லை. வெளியே சாப்பிட்டு உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே; நேரத்துக்குச் சாப்பிடு.

மூலைத்தெருப் பள்ளியில் விண்ணப்பம் வாங்கி வைத்திருக்கிறாள். திங்கட்கிழமை கட்டணம் கட்ட வேண்டுமாம். ஞாயிற்றுக்கிழமை குழந்தைக்குப் பிறந்தநாள். என் எண்ணுக்குக் கூப்பிடாதே, அவள் எண்ணுக்குக் கூப்பிடு.

அம்மா