கிளிமூக்கு மாங்காயும் உன் அறிமுகக் குறிப்பும்

பழையபேட்டை,
கிருஷ்ணகிரி.

அன்புள்ள மகளுக்கு,

வடிவமைப்பு வேலைக்கு விண்ணப்பிப்பதற்காக நீ எழுதிய அறிமுகக் குறிப்பை அப்பாவின் கைப்பேசியில் மூன்று முறை படித்தேன். கல்லூரி, இரண்டு ஆண்டு அனுபவம், தெரிந்த மென்பொருள்கள், கடைசியில் 'எளிமையே என் வடிவமைப்புக் கொள்கை' என்று ஒரு வரி. எதுவும் பொய்யில்லை, ஆனால் பெயரை மாற்றிவிட்டால் உன்னோடு படித்த யாருக்கும் அது பொருந்தும் என்பதுதான் எனக்குக் குறையாகப் பட்டது. போட்டோஷாப்புக்கு நேராக 90 விழுக்காடு என்று கோடு நிரப்பியிருக்கிறாயே, மீதி 10 எங்கே என்று கேட்டால் என்ன சொல்வாய்? அதை எடுத்துவிடு.

உன் பின்னணி கல்லூரியில் தொடங்கவில்லை, கண்ணு. ஊரெல்லாம் ஈய எழுத்தை விட்டுத் தகட்டில் அச்சடிக்கும் ஆஃப்செட்டுக்குப் போன பிறகும் நான் வேலை பார்த்த அச்சகத்தில் பில் புத்தகத்துக்கும் கருமாதிப் பத்திரிகைக்கும் ஈய எழுத்தைத்தான் கோத்துக்கொண்டிருந்தோம். பள்ளி விட்டதும் நீ அங்கேதான் வருவாய். 1978-இல் எழுத்துச் சீர்திருத்த ஆணை வந்த பின் பயனற்றுப்போன, துதிக்கை தூக்கிய பழைய 'லை', 'னை' எழுத்துகள் ஒரு தகர டப்பாவில் கிடக்கும். அவற்றை வரிசையாக நிற்கவைத்து யானைக்கூட்டம் என்பாய். எழுத்தின் உருவத்தை நீ முதலில் பார்த்தது இடம் வலம் மாறிய அந்த ஈயத்தில்தான்.

ஒருமுறை அச்சடித்த எழுத்துகளைப் பிரித்துப் போடும்போது 'ன்' அறைக்குள் 'ள்' சில விழுந்துவிட, அதைக் கவனிக்காமல் நான் கோத்த கல்யாணப் பத்திரிகையில் மணமகன் மணமகளாகி, 300 பத்திரிகையும் வீணாயிற்று. காகிதத்தின் விலையைச் சம்பளத்தில் பிடித்தார்கள். தவறு என்னுடையது என்பதால் வாய் திறக்கவில்லை. அதன் பிறகு கடைசிச் சொல்லிலிருந்து முதற்சொல்லுக்குப் பின்னோக்கிப் படித்துத் திருத்தும் பழக்கம் எனக்கு வந்தது. என்னிடமிருந்து உனக்கு வந்தது. உன் திறன்களில் அது ஏன் இல்லை?

தமிழ் வரிகளுக்கு நீ விடும் இடைவெளியையும் எழுதியிருக்கலாம். ஆங்கிலத்துக்குப் போதுமான இடைவெளியில் தமிழை அடுக்கினால் மேல்வரிக் 'கூ'வின் வால் கீழ்வரி 'ணீ'யின் சுழியில் போய் முட்டும். நாங்கள் வரிகளுக்கு நடுவே ஈயப் பட்டை செருகிய இடத்தில் நீ கணினியில் இடைவெளியின் அளவை மாற்றுகிறாய், அவ்வளவுதான். அந்தக் கண் பயிற்சியில் வருவது. மென்பொருள் தானாகத் தராது.

கொள்கை என்றால், மாங்கூழ் டப்பாவுக்கு நீ செய்த லேபிளைத்தான் நான் நினைப்பேன். முதலில் இணையத்தில் எடுத்த, சிவந்து உருண்ட ஏதோ ஒரு மாம்பழத்தை ஒட்டியிருந்தாய். திரையில் தகதகத்த அந்த நிறம் நான்கு மைகளில் காகிதத்துக்கு வந்தபோது மங்கிப்போனது ஒருபுறம் இருக்கட்டும், தோப்பு வைத்திருக்கும் உன் மாமா அதைப் பார்த்து, "இது எந்த ஊர் மாங்காய்?" என்று கேட்டாரே, அதுதான் உன்னைச் சுட்டது. நம் பக்கத்தில் கூழுக்குப் பெரும்பாலும் போவது பெங்களூரா என்கிற கிளிமூக்கு. மறுநாள் காலை தோப்பில் உட்கார்ந்து, அந்த நீண்ட உடலையும் நுனியில் வளைந்த மூக்கையும் பென்சிலால் எட்டு முறை வரைந்தாய். எட்டாவதைத்தான் லேபிளில் வைத்தாய். பொருளை நேரில் பார்க்காமல் அதற்கு உருவம் கொடுப்பதில்லை என்று அன்றைக்கு நீயே சொன்னாய். 'எளிமை' இருந்த இடத்தில் அந்த வாக்கியத்தை வை. கூடவே வேண்டாமென்று விட்ட ஏழு படங்களையும் வை. வேலை கொடுப்பவர் முடிந்த லேபிளை மட்டும் பார்த்தால், நீ எப்படி யோசிக்கிறாய் என்பது அவருக்கு எங்கிருந்து தெரியும்?

அந்தத் தாள்கள் டிரங்குப் பெட்டியில் பத்திரமாக இருக்கின்றன. ஒன்றில் மாம்பால் கறை பட்டிருக்கிறது. அதை அழிக்காமல் அப்படியே ஸ்கேன் செய். ஞாயிற்றுக்கிழமை அப்பா பெங்களூரு வரும்போது கொடுத்தனுப்புகிறேன்.

அன்புடன்,
அம்மா