பெயர் போட வேண்டாம் என்றவர்களுக்கும் சேர்த்து ஒரு நன்றி மடல்

அனைவருக்கும் வணக்கம்.

வியாசர்பாடியில் நாங்கள் நடத்தும் ஞாயிற்றுக்கிழமை ரோபோ வகுப்பின் பிள்ளைகள் செய்தவற்றையெல்லாம் சென்ற மாதம் தெருவிலேயே பந்தல் போட்டுக் காட்சிக்கு வைத்தோம். வந்தவர்களுக்கும் பணம் கொடுத்து உதவியவர்களுக்கும் அன்றைக்கே மைக்கில் நன்றி சொல்லியாயிற்று. ஆனால் மைக்கில் சொல்கிற நன்றி பெரும்பாலும் முன்வரிசை நாற்காலிகளோடு நின்றுவிடுகிறது. இந்தப் பிள்ளைகளுக்கு உண்மையில் வேலை கற்றுக்கொடுத்தவர்களில் பாதிப் பேர் அன்று கடையைவிட்டு வர முடியாமல் இருந்தார்கள். மீதிப் பேர் வந்தும் கூட்டத்துக்குப் பின்னால் நின்றுவிட்டுப் போய்விட்டார்கள். அவர்களுக்காகத்தான் இந்த மடல். "பெயரெல்லாம் போடாதீங்க" என்று பலர் கேட்டுக்கொண்டதால் எல்லோரையும் உறவுமுறை சொல்லியே எழுதுகிறேன். படிக்கும்போது யார் என்று உங்களுக்கே தெரியும்.

முதலில் ரிச்சி தெரு அண்ணன். அண்ணா சாலையிலிருந்து உள்ளே திரும்பி, இடித்துக்கொண்டு நடந்து போனால் மாடிப்படிக்குக் கீழே ஆறடி அகலத்தில் ஒரு கடை. பிள்ளைகள் ஓடாத காரைக் கையிலேயே தூக்கிக்கொண்டு போனார்கள். சுவிட்சைப் போட்டால் சக்கரம் அரைச் சுற்று சுற்றும், போர்டில் விளக்கு அணையும், மறுபடி எரியும், மறுபடி அரைச் சுற்று. புரோகிராமில்தான் தப்பு என்று நாங்கள் வரி வரியாகத் தேடிக்கொண்டிருந்தோம். அண்ணன் புரோகிராமைக் கேட்கவே இல்லை. மல்டிமீட்டரின் இரண்டு முனையையும் 9 வோல்ட் பேட்டரியில் வைத்து, "இப்ப சுவிட்சைப் போடு, நம்பரை மட்டும் பாரு" என்றார். ஒன்பதுக்குப் பக்கத்தில் இருந்த எண் சரசரவென்று கீழே விழுந்தது. மோட்டார் கிளம்புகிற நொடியில் கரண்டை நிறைய இழுக்கும், இந்தச் சின்னப் பேட்டரியால் அவ்வளவு கொடுக்க முடியாது, வோல்டேஜ் படுத்துவிடும், போர்டு அணைந்து எழுந்திருக்கும். அவ்வளவுதான் விஷயம்.

அடுத்ததாக அவர் சொன்னது இன்னும் பெரிய பாடம். நாங்கள் வைத்திருந்த எல்298 மோட்டார் டிரைவர், அதாவது போர்டு சொல்கிறபடி பேட்டரியின் மின்சாரத்தை மோட்டாருக்கு விடுகிற சின்னப் பலகை, தன் பங்குக்கு ஏறக்குறைய 2 வோல்ட்டைத் தின்றுவிட்டுத்தான் மீதியை மோட்டாருக்கு விடும். ஆகவே கணக்கு போடும்போது அதையும் கழிக்க வேண்டும். லேப்டாப் பேட்டரிக்குள் இருக்கும் வகையான 3.7 வோல்ட் செல் இரண்டை ஹோல்டரோடு கொடுத்தார். விலை கூடிய இன்னொரு டிரைவர் போர்டைப் பையன்கள் கேட்டபோது, "இப்ப வேணாம், இதை ஒரு தடவை எரிச்சிட்டு வாங்க, அப்புறம் தரேன்" என்றார். கடைக்காரரே வாங்காதே என்று சொல்கிற கடையை நான் அதிகம் பார்த்ததில்லை. அண்ணா, ஒன்றை எரித்துவிட்டோம். வருகிற சனிக்கிழமை வருகிறோம்.

நாம் எழுதுகிற புரோகிராமை வைத்துக்கொண்டு மோட்டாரையும் சென்சாரையும் இயக்குகிற ஆர்டுயினோ போர்டு அதே தெருவில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்காவிட்டால் எங்கள் வகுப்பே கிடையாது. 2005இல் இத்தாலியின் இவ்ரேயா என்ற ஊரில், மின்னணுவியல் படிக்காத வடிவமைப்பு மாணவர்களுக்காக உருவாக்கப்பட்டது அது. அதன் வரைபடத்தை யார் வேண்டுமானாலும் எடுத்துச் செய்துகொள்ளலாம் என்று திறந்து வைத்ததால்தான் இன்று வியாசர்பாடிப் பிள்ளையின் கைக்கு எட்டுகிற விலையில் அதன் நகல்கள் வருகின்றன. அவர்களுக்கும் ஒரு கும்பிடு.

போர்டை வாங்கியாயிற்று, அதைத் தாங்க உடம்பு வேண்டுமே. அங்கேதான் பெரம்பூர் ஐயா வந்தார். ஐசிஎஃப்பில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். 1955 முதல் ரயில் பெட்டி செய்துவரும் தொழிற்சாலை. 2018இல் முதல் வந்தே பாரத் ரயில் வெளியே வந்ததும் அங்கிருந்துதான். அப்படிப்பட்ட இடத்தில் கை பழகியவருக்கு எங்கள் பிள்ளைகள் சூடான பசையில் ஒட்டிய வண்டியைப் பார்த்ததும் முகம் சுருங்கிப்போயிற்று. கடைகளுக்குப் பெயர்ப்பலகை செய்கிறவர்கள் வெட்டிப்போட்ட அலுமினியத் தகட்டுத் துண்டுகளை எங்கிருந்தோ கொண்டுவந்தார். முதல் இரண்டு வாரம் வேறு எதையும் தொட விடவில்லை, அரம் பிடிப்பதுதான் வேலை. பிள்ளைகள் முணுமுணுத்தார்கள். நானும்தான் முணுமுணுத்தேன். வெர்னியர் காலிப்பரை வைத்து இடது சக்கரத்துக்கும் வலது சக்கரத்துக்கும் உள்ள வித்தியாசத்தை அவர் காட்டிய பிறகு, வண்டி ஏன் எப்போதும் ஒரு பக்கமாகவே இழுத்தது என்று அவர்களாகவே கண்டுபிடித்தார்கள். பாடப்புத்தகத்தில் வெர்னியர் அளவியைப் படம் வரைந்து பாகம் குறித்து மதிப்பெண் வாங்கிய பெண்தான், "ஐயா, இதை வச்சு நிஜமாவே அளக்கலாமா?" என்று கேட்டாள்.

இந்த இடத்தில் மனதில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். ஒரு பள்ளியில் ரோபோ பெட்டிகள் வந்து, மேலே சுற்றிய பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் பீரோவில் பூட்டியிருப்பதைப் பார்த்தேன். உடைந்தால் யார் பதில் சொல்வது என்ற பயம். பயப்படுகிறவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. கணக்குக் கேட்கிறவர்கள் அப்படிக் கேட்கிறார்கள். ஆனால் எங்களுக்கு உதவிய ஒருவர்கூட "உடைஞ்சா என்ன பண்ணுவ?" என்று கேட்கவில்லை. ஐயா தன் சொந்த டிரில் மெஷினையே கொடுத்துவிட்டு, பிட் எத்தனை உடைந்தது என்றுகூட எண்ணவில்லை.

பிரிண்டிங் கடைத் தம்பிக்கும் தையல்கடை அக்காவுக்கும் சேர்த்தே நன்றி சொல்ல வேண்டும், இரண்டும் ஒரே கதை. கோட்டைப் பார்த்துப் போகிற வண்டிக்கு வெள்ளைத் தரையும் கறுப்புக் கோடும் வேண்டும். தம்பி பழைய ஃபிளெக்ஸ் பேனர்களைக் கொடுத்தார். முன்பக்கம் காதணி விழா, பின்பக்கம் சுத்தமான வெள்ளை. அதில் இன்சுலேஷன் டேப்பை ஒட்டினால் பாதை தயார். வகுப்பில் வண்டி அழகாகப் போயிற்று. காட்சி நாளில் பந்தலுக்குக் கீழே வைத்ததும் கோட்டை மறந்து திரிந்தது. வண்டியின் சென்சார் அகச்சிவப்புக் கதிரைத் தரையில் அடித்து, திரும்பி வருவதை வைத்துத்தான் கோட்டைக் கண்டுபிடிக்கும். வெயிலிலும் அதே கதிர் உண்டு. கீற்றிடுக்கில் இறங்கிய வெயில், சென்சார் எதிர்பார்க்கிற கதிரை மூழ்கடித்துவிட்டது. கல்லூரித் தம்பிகள் புரோகிராமில் எண்ணை மாற்றிக்கொண்டே இருந்தார்கள். அக்கா எட்டிப் பார்த்து, "வெளிச்சம்தானே பிரச்சினை, பாவாடை கட்டிடலாமா?" என்றார். கறுப்பு லைனிங் துணியில் சென்சாரைச் சுற்றி, தரையைத் தொட்டும் தொடாமலும் ஒரு சின்னக் கொசுவம். வண்டி கோட்டைப் பிடித்துக்கொண்டது. சிறப்பு விருந்தினர் வந்தபோது பார்த்தது அந்தப் பாவாடை கட்டிய வண்டியைத்தான்.

இனி எழுதப்போவது சற்று நீளும், மன்னிக்கவும்.

ஒன்பதாம் வகுப்புப் பெண்கள் நால்வர் சாக்கடையில் இறங்கும் ரோபோ செய்யப்போவதாகச் சொன்னார்கள். கேமரா வைத்து, கை வைத்து, பெரிய படமாக வரைந்திருந்தார்கள். பாதாளச் சாக்கடையில் வேலை செய்கிற ஒரு மாமாவைக் கேட்டுப் பார்க்கலாம் என்று கூப்பிட்டோம், அரைநாள் விடுப்பு போட்டு வந்தார். படத்தைப் பார்த்து, "உள்ள தண்ணி கறுப்பா இருக்கும்மா, கேமரால என்ன தெரியும்?" என்றார். பிறகு மேன்ஹோல் மூடியைத் திறந்ததும் உடனே குனியக் கூடாது ஏன், அழுகிய முட்டை வாடை வந்து திடீரென்று வராமல் போனால் அது ஏன் இன்னும் ஆபத்து என்றெல்லாம் சொன்னார். ஹைட்ரஜன் சல்பைடு அதிகமானால் மூக்கு மரத்துவிடும், வாடை போய்விட்டது என்று நினைத்து இறங்குகிறவர் திரும்பி வருவதில்லை. மனிதரை உள்ளே இறக்கிக் கையால் அள்ள வைப்பதைத் தடை செய்து 2013இல் சட்டம் வந்துவிட்டது என்று ஒரு பெண் படித்ததைச் சொன்னாள். "சட்டம் தெரியும்மா" என்று மட்டும் சொன்னார். அதற்கு மேல் நாங்களும் கேட்கவில்லை.

அன்றோடு ரோபோவின் கையையும் கேமராவையும் அந்தப் பெண்கள் படத்திலிருந்து அடித்துவிட்டார்கள். கயிற்றில் கட்டி மேலிருந்தே இறக்குகிற ஒரு டப்பா, அதற்குள் சாக்கடையில் சேரும் இன்னொரு வாயுவான மீத்தேனை உணரும் எம்க்யூ-4 சென்சார், மேலே ஒரு பஸ்ஸர். சென்சாருக்குள் சின்ன ஹீட்டர் இருப்பதால் அது சூடாகும்வரை காட்டுகிற எண்ணை நம்பக் கூடாது என்பதையும் கற்றுக்கொண்டார்கள். முதல் மாதிரியை மாமாவிடம் காட்டியபோது அவர் சென்சாரைப் பார்க்கவில்லை, சுவிட்சைத்தான் பார்த்தார். "கை ஈரமா இருக்கும், கிளவுஸ் வேற. இத்துனூண்டு பட்டனை எப்படி அமுக்குறது?" மறுவாரம் அதில் வீட்டு வாசலில் இருக்கும் காலிங் பெல் சுவிட்ச் வந்து உட்கார்ந்துவிட்டது. எங்கள் வகுப்பில் நடந்த மிகச் சிறந்த பொறியியல் அதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. காட்சியில், "இது பள்ளி மாணவிகள் செய்த மாதிரி. இதை நம்பி யாரும் குழியில் இறங்கக் கூடாது" என்று பெரிய எழுத்தில் எழுதி ஒட்டச் சொன்னதும் மாமாதான். பலர் வந்து அதைப் படித்துவிட்டு, அப்படியென்றால் எதற்கு இது என்று கேட்டார்கள். அந்தப் பெண்கள் சளைக்காமல் பதில் சொன்னார்கள். மாமா, அந்தப் பதில்களெல்லாம் நீங்கள் கொடுத்தவை.

இரவு எட்டு மணிக்குமேல் பெண்பிள்ளைகளைத் தனியாக அனுப்ப மாட்டேன் என்று அம்மாக்கள் சொன்னது நியாயம்தான். அதைத் தீர்த்து வைத்தவர் ஸ்டாண்டில் இருக்கும் ஆட்டோ அண்ணன். மீட்டர் போடவில்லை, காசும் வாங்கவில்லை. ஒரே நிபந்தனை, ஆட்டோவில் ஏறியதும் அன்று என்ன செய்தீர்கள் என்று அவருக்குச் சொல்ல வேண்டும். "இதனால மார்க் வருமா?" என்ற அம்மாக்களிடம் பொறுமையாகப் பேசியவர் தலைமையாசிரியை அம்மா. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பொறியியல் படிப்பில் 7.5 சதவீத இட ஒதுக்கீடு 2021 முதல் இருப்பதையும், அதில் உள்ளே போன பிறகு தாக்குப்பிடிக்கக் கைப்பழக்கம் எப்படி உதவும் என்பதையும் வீடு வீடாகச் சொன்னார்.

கல்லூரித் தம்பி தங்கைகளே, உங்களுக்கு நன்றி சொன்னால் கிண்டல் செய்வீர்கள். ஆனாலும் ஒன்று. "நம்ம வண்டியே வேகமா ஓடுது, பிரக்யான் ஏன் நத்தை மாதிரி போச்சு?" என்று ஒரு பையன் கேட்டபோது நீங்கள் சிரிக்கவில்லை. 2023 ஆகஸ்டில் சந்திரயான்-3 திட்டத்தில் நிலவில் இறங்கிய அந்த 26 கிலோ வண்டி விநாடிக்கு ஒரு சென்டிமீட்டர் போனது. சிக்னல் ஒரு தடவை போய்ச் சேரவே 1.3 விநாடி ஆகும், குழியில் விழுந்தால் தூக்கிவிட ஆளில்லை, சூரியத் தகடு கொடுக்கிற மின்சாரம்தான் சாப்பாடு என்று தரையில் சாக்பீசால் வரைந்து விளக்கினீர்கள். அந்தத் திட்டத்தின் இயக்குநர் வீரமுத்துவேல் விழுப்புரத்துக்காரர், அவர் அப்பா ரயில்வே ஊழியர் என்றதும், அப்பா ரயில்வேயில் இருக்கிற இரண்டு பையன்கள் நிமிர்ந்து உட்கார்ந்ததை நான் பார்த்தேன்.

மாடியை வாடகை வாங்காமல் கொடுத்த பாத்திரக்கடை ஐயாவுக்கும், நான்கு மணி டீயைக் கணக்கில் எழுதியே வைக்காத டீக்கடை அண்ணனுக்கும் நன்றி. வரவு செலவு நோட்டு மாடிப்படிக்குப் பக்கத்தில் தொங்குகிறது, யார் வேண்டுமானாலும் புரட்டிப் பார்க்கலாம்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். காட்சிக்காக இரவல் வாங்கியவற்றில் ஒரு சோல்டரிங் அயர்ன், இரண்டு ஸ்க்ரூடிரைவர், ஒரு டேபிள் ஃபேன் ஆகியவை இன்னும் எங்களிடமே இருக்கின்றன. யாருடையவை என்று தெரியவில்லை. ஞாயிறு மாலை நான்கு மணிக்குமேல் வந்து வாங்கிக்கொள்ளுங்கள். ஃபேனை மட்டும் கொஞ்சம் தாமதமாகக் கேட்டால் நல்லது, ஏழாம் வகுப்புப் பையன்கள் பிரித்து வைத்திருக்கிறார்கள்.

நன்றியுடன்,
ஞாயிற்றுக்கிழமை வகுப்பின் சார்பில்,
வியாசர்பாடி, சென்னை.