நீ கேட்ட காளான் வழக்கு

அன்புள்ள மல்லிகா,

உன் குரல் செய்திகள் எல்லாம் வந்து சேர்ந்தன. இவ்வளவுக்கும் வாட்ஸ்அப்பில் பதில் தட்ட முடியாது, அதனால் மின்னஞ்சலாக எழுதுகிறேன். இங்கே எல்லாரும் சுகம். ரவிக்கு முதுகுவலி இப்போது பரவாயில்லை. நிலாவுக்குப் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு நெருங்குகிறது, வீடே அவள் கால அட்டவணைப்படி ஓடுகிறது. அத்தைக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று கோமதியக்கா சொன்னாள், நிம்மதியாக இருந்தது.  

சரி, விஷயத்துக்கு வருகிறேன். "அந்தக் காளான்காரி உங்க பக்கத்து ஊராமே, நேர்ல பாத்திருக்கியாடி, எப்படி இருப்பா?" என்று கேட்டிருக்கிறாய். கூடவே ஒரு வீடியோ வேறு. பேய்ப்பட இசையைப் போட்டு, மாமியாரைத் தீர்த்துக்கட்டிய மருமகள் என்று தலைப்பு வைத்து, அந்த அம்மாளின் முகத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிக் காட்டுகிறார்கள். முழுதும் பார்த்தேன். எனக்குக் கோபம் வந்தது. உன்மேல் இல்லை. நீ கேட்டதைத்தான் இங்கேயும் எல்லாரும் கேட்டார்கள். இரண்டு வருஷமாக அதைக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போய்விட்டது, அதனால் உன்னிடம் கொட்டுகிறேன். பொறுமையாகப் படி.

நான் அவளைப் பார்த்ததில்லை. அவள் ஊரான லியோங்காத்தா, ஆஸ்திரேலியாவில் நாங்கள் இருக்கிற டாண்டினாங்கிலிருந்து ஒன்றரை மணி நேரக் கார் ஓட்டம். பால் மாடுகளும் பச்சைக் குன்றுகளுமாக இருக்கிற கிப்ஸ்லாந்துப் பகுதி. 2023 ஜூலை 29, சனிக்கிழமை மதியம் எரின் பாட்டர்சன் தன் வீட்டுக்கு நாலு பேரை விருந்துக்கு அழைத்தாள். பிரிந்திருந்த கணவனின் அப்பா டான், அம்மா கெயில், கெயிலின் தங்கை ஹெதர், ஹெதரின் கணவர் இயன் வில்கின்சன். கணவனையும் அழைத்திருந்தாள், அவர் வரவில்லை. தனக்குப் பெரிய நோய், பிள்ளைகளிடம் எப்படிச் சொல்வது என்று ஆலோசனை வேண்டும் என்று காரணம் சொல்லித்தான் வரவழைத்தாள். அந்த நோயும் பொய். ஆளுக்கொன்றாகச் செய்த பீஃப் வெலிங்டன் (மாட்டிறைச்சியை மாவில் சுற்றிச் சுடுகிற பண்டம்), உள்ளே அரைத்த காளானோடு டெத் கேப் என்கிற விஷக்காளான். ஐரோப்பாவிலிருந்து கொண்டுவந்த ஓக் மரங்களோடு இந்த நாட்டுக்குள் வந்தது. வேகவைத்தாலும் விஷம் போகாது. சாப்பிட்டுப் பல மணி நேரம் ஒன்றும் தெரியாது, அப்புறம் வாந்தியும் பேதியும், நடுவில் கொஞ்சம் தேறினாற்போல இருக்கும், அதற்குள் கல்லீரல் போயிருக்கும். கெயிலும் ஹெதரும் ஆகஸ்ட் 4 அன்று இறந்தார்கள். டானுக்குக் கல்லீரல் மாற்று அறுவை சிகிச்சை செய்தும் மறுநாள் போய்விட்டார். இயன் ஏழு வாரத்துக்கு மேல் ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்தார்.

'அவளுக்கு மட்டும் ஏன் ஒன்றும் ஆகவில்லை' என்று கேட்டாயே. விருந்தாளிகள் நாலு பேருக்கும் சாம்பல் நிறத் தட்டு, அவளுக்கு மட்டும் வேறு நிறத்தில் சின்னத் தட்டு என்று இயன் சாட்சி சொன்னார். காளான் உலர்த்தும் இயந்திரத்தை அவள் குப்பைக் கிடங்கில் கொண்டுபோய்ப் போட்டதும் கண்டுபிடிக்கப்பட்டது. இதெல்லாம் இங்கே சின்னக் குழந்தைக்கும் மனப்பாடம்.

எனக்கு வயிறெரிவது அந்த மனப்பாடத்தைப் பார்த்துத்தான். விசாரணை 2025 ஏப்ரல் கடைசியில் மோர்வெல்லில் தொடங்கியது. அது நிலக்கரி ஊர். பக்கத்து ஹேசல்வுட் மின் நிலையத்தை 2017-இல் மூடிய பிறகு அந்த ஊரைப் பற்றி வெளியே யாரும் பேசியதாக எனக்கு நினைவில்லை. திடீரென்று உலகத்துக் கேமராக்கள் எல்லாம் அங்கே. பத்து வாரம். விடியற்காலைக் குளிரில் ஜனங்கள் நீதிமன்ற வாசலில் வரிசை நின்றார்கள், கல்யாணப் பந்தியில் இடம் பிடிப்பதுபோல. எங்கள் கிளினிக்கில் கூட வேலை பார்க்கிற ஒருத்தி லீவு போட்டுவிட்டுப் போனாள். திரும்பி வந்து எரின் என்ன உடுத்தியிருந்தாள், எப்போது கண்ணைத் துடைத்தாள், வக்கீல் கேட்டபோது முகம் எப்படிப் போனது என்று டீ குடிக்கிற நேரமெல்லாம் கதை. ஹெதரைப் பற்றி ஏதாவது சொன்னார்களா என்று நான் கேட்டேன். "யார் ஹெதர்?" என்றாள்.

அவள் கெட்டவளில்லை மல்லிகா. போன வருஷம் எனக்கு உடம்பு முடியாதபோது சூப் வைத்துக் கொண்டுவந்து கொடுத்தவள். அந்த நல்ல மனுஷி இறந்தவர்களின் பெயர்கூடத் தெரியாமல் திரும்பி வந்தாளே என்பதுதான் என்னைத் தூங்கவிடவில்லை.

அப்புறம் கேலி. யார் வீட்டுக்கு யாரைச் சாப்பிடக் கூப்பிட்டாலும் "வெலிங்டன் இல்லையே?" என்று ஒரு சிரிப்பு. இதில் வயசு, படிப்பு என்று எந்த வித்தியாசமும் கிடையாது. நிலாவின் தோழி ஒருத்தி எங்கள் வீட்டு மேஜையிலேயே, நான் காளான் குழம்பு பரிமாறும்போது, அதைச் சொன்னாள். எல்லாரும் சிரித்தார்கள். நான் கரண்டியை வைத்துவிட்டு, மூன்று பேர் செத்துப்போன விருந்து அது, அவர்களின் பேரப்பிள்ளைகளுக்கும் உங்களைப் போலப் பள்ளிக்கூடம் இருக்கிறது, அங்கேயும் யாராவது இதே கேலியைச் சொல்லிக்கொண்டிருப்பார்கள் என்றேன். நிலா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. பரவாயில்லை. அந்தப் பிள்ளைகளை நினைத்தால் எனக்கு நெஞ்சு அடைக்கிறது. தாத்தா, பாட்டி, சின்னப்பாட்டி மூவரும் போனார்கள், அம்மா சிறையில். ஊரே சேர்ந்து வீட்டு வாசலில் கேமராவைத் தூக்கிக்கொண்டு நின்றது.

நீயும் உடனே நம் ஊர்ப் பக்கம் பார்க்காதே என்று சொல்லிவிடாதே. இங்கே தீர்ப்பு வந்த அதே 2025 ஜூலையில்தானே, பிரியாணிக் கடையில் வேலை பார்த்தவனோடு வாழ ஒரு தாய் தன் இரண்டு குழந்தைகளைக் கொன்ற குன்றத்தூர் வழக்கிலும் தீர்ப்பு வந்தது? இங்கே 7-ஆம் தேதி ஜூரி குற்றவாளி என்றது, அங்கே 24-ஆம் தேதி காஞ்சிபுரத்தில் ஆயுள் தண்டனை. 2018-இலிருந்து அந்தப் பெண்ணின் பெயரையும் பிரியாணியையும் சேர்த்து எத்தனை மீம் போட்டிருப்பார்கள்? வீடியோ போடுகிற எந்தப் பெண்ணைத் திட்ட வேண்டுமானாலும் அவள் பெயர்தான் வாயில் வருகிறது. அந்த இரண்டு பிஞ்சுகளின் பெயரைச் சொல் என்றால் எத்தனை பேர் சொல்வார்கள்? இங்கே வெலிங்டன், அங்கே பிரியாணி. சாப்பாட்டின் பெயர் நிற்கிறது, செத்தவர்கள் பெயர் நிற்பதில்லை. இன்னொன்றும் சொல்கிறேன். புருஷன் கையால் சாகிற பெண்களின் செய்தி இங்கே அடிக்கடி வருகிறது, இரண்டு நாளில் அடுத்த செய்தி வந்து அதை மூடிவிடுகிறது. பெண் ஒருத்தி சமையலறையிலிருந்து கொன்றால் மட்டும் திருவிழா.

'ஏன் செய்தாள்' என்று நீ கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. அரசுத் தரப்பே ஒரு காரணத்தைச் சொல்லவில்லை. சட்டப்படி அதை நிரூபிக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. நீதிபதி கிறிஸ்டோபர் பீலும் அது அவளுக்கு மட்டுமே தெரியும் என்றார். ஜனங்களால் இதைப் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. கிளினிக்கில் ஒருத்தி மாமியார் கொடுமை என்கிறாள், பேச்சை இரண்டு நிமிஷம் தொடர்ந்தால் தன் மாமியாரைப் பற்றித்தான் பேசுகிறாள். ஜீவனாம்சத் தகராறு என்கிறவருக்கு அவரே கோர்ட்டுக்கு அலைந்த கதை இருக்கிறது. அவள் அப்பாவி, எல்லாம் தற்செயல் என்று அடித்துச் சொல்கிற ஒருவரும் எங்கள் தெருவில் உண்டு. காரணம் இல்லாத அந்த இடத்தில் ஆளாளுக்குத் தங்கள் வீட்டுச் சண்டையைக் கொண்டுவந்து வைக்கிறார்கள். கெயிலைக் கொடுமைக்கார மாமியார் என்று உன் வீடியோக்காரர் எந்த ஆதாரத்தில் சொல்கிறார்? செத்தவர் வந்து மறுப்புச் சொல்ல முடியாது என்கிற தைரியம்தானே?

இனி நான் சொல்லப்போவதைக் கவனமாகப் படி, இதற்காகத்தான் எழுத உட்கார்ந்தேன்.

ஆகஸ்ட் 25 அன்று இயன் நீதிமன்றத்தில், பாதிக்கப்பட்டவர் என்ற முறையில், தன் வாக்குமூலத்தைத் தானே வாசித்தார். கொரம்பராவில் ஒரு பாப்டிஸ்ட் தேவாலயத்தின் போதகர் அவர். மனைவி இல்லாமல் பாதி உயிரோடுதான் இருப்பதாகத் தோன்றுகிறது என்று அழுதார். தீமை செய்கிறவர்கள்மேல் இவ்வளவு கவனத்தைக் கொட்டுகிறோம், நல்லது செய்கிறவர்கள்மேல் இவ்வளவு குறைவாக என்று வருத்தப்பட்டார். அப்புறம் எரினை மன்னிக்க முன்வருவதாகச் சொன்னார். தனக்குச் செய்யப்பட்ட கெடுதலுக்கு மட்டும். மற்றவர்களுக்குச் செய்ததை மன்னிக்கத் தனக்கு அதிகாரம் கிடையாது என்றும் அதிலேயே சொன்னார். அவள் குற்றத்தை ஒப்புக்கொண்டு மனம் திருந்தி அந்த மன்னிப்பை ஏற்றுக்கொள்ள வேண்டும், சிறைக் காலத்தை நல்லபடி பயன்படுத்தித் திருந்த வேண்டும், இனி நான் அவளால் பாதிக்கப்பட்டவன் இல்லை, என் அன்புக்கு ஆளானவள் அவள் என்று முடித்தார்.

ரவி அன்றைக்குச் சாப்பாட்டுத் தட்டோடு எழுந்துவிட்டார். "பொண்டாட்டியைக் கொன்னவளை எப்படிங்க மன்னிக்கிறது, இந்த மனுஷனுக்கு ரோஷமே கிடையாதா?" என்று என்னமோ நான் மன்னித்ததுபோல என்னிடம் சண்டை. ஹெதரைக் கொன்றதை அவர் மன்னிக்கவில்லையே, அது தன் கையில் இல்லை என்றுதானே சொன்னார் என்றேன். ரவிக்கு அது இன்னும் பிடிபடவில்லை. எனக்கு அங்கேதான் மனசு நின்றுவிட்டது. கோபத்திலும் துக்கத்திலும் எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டிப் போட்டுவிடுகிற நமக்கு, எது என்னுடையது, எது இறந்துபோனவளுடையது என்று பிரித்து, தன்னுடையதை மட்டும் எடுத்துக் கொடுக்கத் தெரியுமா? அவர் மன்னித்ததைச் சட்டம் தண்டனையில் கழித்துக்கொள்ளவும் இல்லை. அது வேறு கணக்கு, இது வேறு கணக்கு. இந்த வழக்கு முழுவதிலும் நான் கேட்ட பெரிய பேச்சு இதுதான். அதை உன் வீடியோ ஒரு வரிகூடச் சொல்லவில்லை.

செப்டம்பர் 8 அன்று தண்டனை அறிவிப்பை நேரலையாகக் காட்ட அனுமதித்தார்கள். கேமரா நீதிபதியை மட்டும்தான் காட்டியது, அது எனக்குப் பிடித்திருந்தது. மூன்று கொலைக்கும் ஆயுள், கொலை முயற்சிக்கு 25 ஆண்டு. 33 ஆண்டு கழித்தே பரோல் கேட்கலாம், அதாவது 2056-இல், 82 வயதில். அரசுத் தரப்பு பரோலே கூடாது என்றது. நீதிபதி ஏன் ஒப்புக்கொள்ளவில்லை தெரியுமா? இவ்வளவு பேர்போன கைதி என்பதால் அவளுடைய பாதுகாப்புக்காகப் பெரும்பாலான நேரம் தனியறையில்தான் அடைத்து வைத்திருக்கிறார்கள், இன்னும் பல வருஷம் அப்படியே இருக்கக்கூடும், அந்தக் கடுமையையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்றார். புரிகிறதா? இத்தனை கோடிப் பேர் வேடிக்கை பார்த்ததே அவளுக்குத் தண்டனைக் கணக்கில் ஒரு சலுகையாக வந்து சேர்ந்தது. நீதிபதியைக் குறை சொல்லமாட்டேன், அவர் சொன்னது நியாயம். ஆனால் தண்டனை போதாது என்று மறுநாள் கிளினிக்கில் கத்தியவர்களும் பத்து வாரமாக அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தவர்களும் ஒரே ஆட்கள்.

அதனால் உன்னிடம் ஒன்று கேட்கிறேன். அந்த வீடியோவை எனக்கு அனுப்பினாய், சரி. குடும்பக் குழுவிலும் போட்டிருப்பாய், உன்னை எனக்குத் தெரியாதா. அங்கே இருக்கிறவர்களுக்கு இயன் சொன்னதையும் உன் குரலிலேயே சொல். நீ பேசினால் சித்ராகூட வாயை மூடிக்கொண்டு கேட்பாள். நாளைக்கு ஹெதர் யார் என்று அந்த வீட்டில் யாராவது கேட்டால் பதில் சொல்ல ஆள் இருக்கட்டும். இயனின் மனைவி, கெயிலின் தங்கை, 66 வயது என்று சொல்.

உன் பள்ளிக்கூட விஷயம் என்ன ஆயிற்று, எழுதவே இல்லையே? இடமாற்றம் வந்ததா, இல்லை மறுபடியும் அந்தத் தலைமையாசிரியரோடுதானா? அத்தைக்குக் கண்ணில் சொட்டு மருந்தை மறக்காமல் விடச் சொல். ஜனவரியில் வருகிறோம், டிக்கெட் போட்டாயிற்று. நிலாவுக்கு உன் வீட்டு மொட்டைமாடிதான் வேண்டுமாம்.

அன்புடன்,
வசந்தி