பள்ளி இணையதளம் திறக்கவில்லை என்றால் முதலில் இதைச் செய்து பாருங்கள்

அன்புள்ள பெற்றோர்களுக்கு வணக்கம்.

மதிப்பெண்களைப் பள்ளி இணையதளத்தில் ஏற்றியதிலிருந்து அலுவலக போன் ஓயவே இல்லை. பக்கம் வெள்ளையாகவே நிற்கிறது என்கிறார் ஒருவர், பாஸ்வேர்டு சரியாகப் போட்டும் மறுபடி லாகின் பக்கத்துக்கே வந்து நிற்கிறது என்கிறார் இன்னொருவர். நேற்று ஒரு அம்மா போனைக் கையில் எடுத்துக்கொண்டு நேரிலேயே வந்துவிட்டார். நாங்கள் இரண்டு பேருமாக உட்கார்ந்து பார்த்தோம். பிரவுசரில் இருக்கும் மூன்று புள்ளியைத் தொட்டு, இன்காக்னிட்டோ என்ற தனி டேபைத் திறந்து, அதே முகவரியை அடித்து லாகின் செய்ததும் மகளின் மதிப்பெண் உடனே வந்துவிட்டது. அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி!

அதனால் எல்லோரும் முதலில் இந்த ஒன்றைச் செய்து பாருங்கள். இன்காக்னிட்டோவில் பிரவுசர் ஏற்கெனவே சேர்த்து வைத்திருக்கும் பழைய குக்கீ (தளங்கள் பிரவுசரில் விட்டுவைக்கும் சிறு குறிப்புகள்), பழைய பக்கங்கள் எதையும் எடுக்காது, எக்ஸ்டென்ஷன்களும் (பிரவுசரில் கூடுதலாகச் சேர்த்த சிறு வசதிகள்) பெரும்பாலும் வேலை செய்யாது, ஆகவே அங்கே திறந்தால் சிக்கல் உங்கள் பிரவுசரில் சேர்ந்திருக்கும் ஏதோ ஒன்றில்தான். பள்ளித் தளத்தின் குக்கீயை மட்டும் அழித்தால் போதும். மொத்தத்தையும் அழித்தால் மற்ற எல்லாத் தளங்களிலும் மறுபடி லாகின் செய்ய வேண்டிவரும். அப்படியே அழித்தாலும் சேமித்த பாஸ்வேர்டுகள் என்ற இடத்தில் டிக் போட்டுவிடாதீர்கள். கம்ப்யூட்டராக இருந்தால் எதையும் அழிப்பதற்கு முன்னால் கன்ட்ரோல், ஷிஃப்ட் இரண்டையும் பிடித்துக்கொண்டு ஆர் தட்டிப் பாருங்கள், பக்கம் புதிதாக இறங்கும். இன்காக்னிட்டோவிலும் வரவில்லையென்றால் வைஃபையை அணைத்துவிட்டு மொபைல் டேட்டாவில் ஒருமுறை முயலுங்கள்.

இணைப்பு பாதுகாப்பானது அல்ல என்று சிவப்பாக எச்சரிக்கை வந்தால் பயப்பட வேண்டாம், முதலில் தேதியைப் பாருங்கள். சார்ஜ் தீர்ந்து பல நாள் கிடந்த டேப்லெட் சில நேரம் ஏதோ ஒரு பழைய வருடத்தைக் காட்டும். தளம் உண்மையானதுதான் என்று பிரவுசருக்குக் காட்டும் பாதுகாப்புச் சான்றிதழுக்குத் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு என்பதால், தேதி தப்பாக இருந்தால் பிரவுசர் அதை ஏற்காது. தேதி சரியாக இருந்தும் எச்சரிக்கை போகவில்லையா? தயவுசெய்து அதைத் தாண்டி உள்ளே போய் பாஸ்வேர்டு அடிக்காதீர்கள், எங்களுக்குச் சொல்லுங்கள்.

ரசீது பிடிஎஃப் திறக்காததற்குப் பெரும்பாலும் பாப்-அப் தடுப்புதான் (தானாகத் திறக்கும் புது ஜன்னல்களைப் பிரவுசர் தடுப்பது) காரணம், நம் தளத்துக்கு மட்டும் அனுமதி கொடுங்கள். விண்டோஸ் 7 கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்களுக்கு 2023-லேயே குரோமின் புதுப் பதிப்புகள் வருவது நின்றுவிட்டது. அதில் மல்லாடுவதைவிட போனில் பார்ப்பது நல்லது. அப்புறம், கட்டணம் செலுத்தும்போது பக்கம் நின்றுவிட்டால் ரீஃப்ரெஷ் செய்து மறுபடி பட்டனை அழுத்தாதீர்கள். பணம் போய்விட்டதா என்று வங்கிக் கணக்கைப் பார்த்த பிறகுதான் அடுத்தது.

404 என்று வந்தால் அந்த முகவரியில் பக்கம் இல்லை என்று அர்த்தம், பழைய லிங்க்காக இருக்கலாம், முகப்புப் பக்கத்திலிருந்து போய்ப் பாருங்கள். 500, 503 என்றால் கோளாறு எங்கள் சர்வர் (தளம் இயங்கும் கணினி) பக்கம், உங்கள் போனை நோண்டவே வேண்டாம். எங்களுக்கு எழுதும்போது "வரல சார்" என்று மட்டும் எழுதாமல், முகவரியும் பிழைச் செய்தியும் தெரிகிற மாதிரி ஒரு ஸ்கிரீன்ஷாட், எத்தனை மணிக்கு, எந்த பிரவுசர், இவ்வளவும் அனுப்பினால் பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும். பாஸ்வேர்டை மட்டும் யாருக்கும் அனுப்ப வேண்டாம், நாங்களும் கேட்க மாட்டோம்.

இன்னொன்று, இதுதான் என் மனதை உறுத்துகிறது. வீட்டுப்பாடத்தை அப்லோட் செய்ய முடியாமல் ராத்திரி வெகுநேரம் விழித்திருந்த ஒரு மாணவி மறுநாள் வகுப்பில் அழுதிருக்கிறாள். இனி அப்படி நடக்கக் கூடாது. தளம் திறக்காவிட்டால் பிள்ளையைத் தூங்கச் சொல்லுங்கள், காலையில் நோட்டைக் கொடுத்தனுப்புங்கள். தாமதம் என்று யாரும் குறிக்கக் கூடாது என ஆசிரியர்களிடம் சொல்லிவிட்டேன். வீட்டில் சரிசெய்ய முடியாதவர்களுக்காக இந்த வாரம் முழுக்கப் பள்ளி முடிந்த பிறகு ஒரு மணி நேரம் கணினி அறை திறந்திருக்கும், போனோடு வாருங்கள், நானும் அங்கே இருப்பேன்.

அன்புடன்,
தலைமையாசிரியர்