போவாவின் டபிள்யூ எங்கே?

அன்புள்ள மணிக்கு,

பாடக்குறிப்பு கிடைத்தது. பாம்புகளில் ஆண், பெண்ணைத் தீர்மானிக்கும் குரோமோசோம்கள் படிப்படியாக மாறியதைக் காட்டும் அந்தப் படிக்கட்டுப் படத்தை மட்டும் எடுத்துவிடு. ஆணுக்கு இசட்-இசட், பெண்ணுக்கு இசட்-டபிள்யூ என்பது அதன் கணக்கு. மலைப்பாம்பு போன்ற போவாவில் இசட்டும் டபிள்யூவும் ஒரே மாதிரி, சாரை போன்ற கொலுப்ரிட் வகைகளில் சென்ட்ரோமியர் (குரோமோசோமின் இடுக்கு) இடம் மாறியது, விரியனில் டபிள்யூ தேய்ந்த துண்டு என்பது 1960களில் மரபியலாளர் ஓனோ போட்ட வரிசை. மேல் படிகளில் தகராறு இல்லை. அடிப்படிதான் ஆட்டம் காண்கிறது.

2017-ல் கேம்பிள் என்ற ஆய்வாளரின் குழு போவா இம்பரேட்டரிலும் பர்மிய மலைப்பாம்பிலும் ஆணிடம் மட்டும் உள்ள டி.என்.ஏ. குறியீடுகளைக் கண்டது. அப்படியென்றால் அங்கே மனிதரைப்போல எக்ஸ்-ஒய், ஆணிடம்தான் வேறுபட்ட ஜோடி. ஜோடி ஒரே மாதிரி தெரிந்ததால் அதை இன்னும் வேறுபடாத இளம் இசட்-டபிள்யூ என்று நாமாக முடிவுகட்டியிருந்தோம். ஆணில்லாமல் போவா ஈன்ற குட்டிகள் எல்லாமே பெண்ணாக இருந்தபோது, டபிள்யூ இரண்டு சேர்ந்தும் பிழைத்திருக்கிறது என்று சமாதானம் சொன்னார்கள். விரியன்களிலோ அப்படிப் பிறப்பவை இசட்-இசட் ஆண்கள்தான். போவாத் தாய் எக்ஸ்-எக்ஸ் என்று வைத்துப் பார், கொடுக்க ஒய்யே இல்லை, பெண் குட்டிகளில் புதிரும் இல்லை.

இப்படிக் குறியீடு தேடும்போது ஒரே ஈற்றுக் குட்டிகளை எடுக்காதே. உடன்பிறப்புகளில் தற்செயலாக ஒரு பாலிடம் மட்டும் நிற்கும் துண்டுகள் வந்து ஏமாற்றும். உறவில்லாத ஆண், பெண்களில் பி.சி.ஆர். (டி.என்.ஏ. துண்டைப் பெருக்கும் சோதனை) செய்து உறுதிப்படுத்து.

நுண்ணோக்கியில் குரோமோசோம் பார்க்கும் செய்முறைக்கு நாகப்பாம்பு வகையறா போதும். இரத்த அணுக்களை வளர்க்கும் வெப்பம் 28 முதல் 30 டிகிரி. மனித இரத்தம்போல 37-இல் வைக்காதே. கோல்ச்சிசின் (செல் பிரிவை நிறுத்தும் மருந்து) நேரம் நீண்டால் குரோமோசோம்கள் குறுகிப்போகும். பாம்புகளில் வழக்கமான 36-இல் 20 மைக்ரோ (மிகச் சிறிய) குரோமோசோம்கள், அவைதான் முதலில் தூசியாகத் தெரிந்து எண்ணிக்கையைக் கெடுக்கும். பிறகு செல்களை உப்ப வைக்க 0.075 மோலார் பொட்டாசியம் குளோரைடு, நிலைப்படுத்த மூன்றுக்கு ஒன்று மெத்தனால்-அசிட்டிக் அமிலம். சி-பட்டைக்கு (இறுகிய டி.என்.ஏ. பகுதிகளைக் கறுப்பாகக் காட்டும் சாயமுறை) 5 சதவீத பேரியம் ஹைட்ராக்சைடு, 50 டிகிரியில் ஐந்து நிமிடத்தில் தொடங்கு. கூடினால் எல்லாம் வெளிறிவிடும். வெள்ளைப் படலம் ஒட்டினால் அது பேரியம் கார்பனேட், நீர்த்த அமிலத்தில் அலசு. பெண்ணில் டபிள்யூ முழுக்கக் கறுத்து நிற்கும்.

படிக்கட்டுப் படம் எடுத்த இடத்தில் கட்டுவிரியனைப் போடு. 1970-ல் லால்ஜி சிங், சர்மா, ராய் சௌத்ரி காட்டியது: பெண்ணுக்கு இரண்டு வேறு இசட், ஒரு டபிள்யூ; ஆணுக்கு அந்த இசட்டுகள் இரண்டிரண்டு. ஆகவே பெண்ணுக்கு ஆணைவிட ஒன்று குறைவு. எண்ணும் பிள்ளைகள் பிழை என்று நினைத்து அந்த ஸ்லைடை ஒதுக்கிவிடுவார்கள், முன்கூட்டியே சொல்லி வை.

அன்புடன்,
செல்வம்