மாரிமுத்து அண்ணன் வீட்டுத் தண்ணீர்

திருச்சி,
ஞாயிறு மாலை

அன்புள்ள செல்வராஜுக்கு,

நான் நலம். நீயும் நலமாகத்தான் இருப்பாய், இல்லையென்றால் வாட்ஸாப்பில் விடியற்காலை ஐந்து மணிக்கே ரோஜாப்பூ வந்திருக்காது. உன் மகள் கல்யாணத்துக்குப் பிறகு ஒரு போன்கூடப் பண்ணவில்லை என்று கோபமாக இருப்பாய். நியாயம்தான். திட்டுவதை நேரில் வைத்துக்கொள். இதையும் போனில் சொல்லலாம் என்று எடுத்தேன், வைத்துவிட்டேன். பாதியில் நீ புகுந்து பேச்சை உன் முட்டிவலிக்குக் கொண்டுபோய்விடுவாய். அதனால்தான் தாள்.

நம் ரயில்வே சங்கத்து மாரிமுத்து அண்ணன் போய்விட்டார். போன மாதம் 11ஆம் தேதி. நுரையீரல் ரொம்ப நாளாகவே சரியில்லை. கதிர் காலையில் போன் பண்ணி, "தோழர், அப்பா போயிட்டார்" என்று மட்டும் சொன்னான். சங்க ஆபீஸில் கொடியை எடுத்துக்கொண்டு நாலு பேர் போனோம். வழி தெரியாமல் ரெண்டு இடத்தில் விசாரித்தோம். அவரோடு நாற்பது வருஷத்துக்கு மேல் பழக்கம், அந்தத் தெருவுக்குள் நான் போனது அன்றைக்குத்தான் முதல் தடவை. நீயாவது போயிருக்கிறாயா? சும்மா கேட்கிறேன், பதில் எனக்கே தெரியும்.

தார்ப்பாய் கட்டி நாற்காலி போட்டிருந்தார்கள். பறை அடித்துக்கொண்டிருந்தது. வெயில் என்றால் அப்படி ஒரு வெயில். கொடி போர்த்திவிட்டு வந்து உட்கார்ந்ததும் அண்ணி கதிருடைய மனைவியைப் பார்த்துக் கண்ணால் ஏதோ சொன்னார். அந்தப் பெண் முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டே கடைக்கு ஓடி, நாலு தண்ணீர் பாட்டில் வாங்கி வந்து ஆளுக்கொன்று கொடுத்தாள். ஃபிரிட்ஜில் இருந்தது, வெளியே வியர்த்திருந்தது. எங்களுக்குப் பக்கத்திலேயே குடம் இருந்தது, அதன்மேல் ஒரு பிளாஸ்டிக் டம்ளர் கவிழ்த்திருந்தது. வந்தவர்கள் எல்லாரும் அதில்தான் மொண்டு குடித்தார்கள். நான் பாட்டிலின் சீலைத் திருகி உடைத்து மடக்மடக்கென்று பாதியைக் குடித்துவிட்டேன்.

அப்போது ஒன்றும் தோன்றவில்லை. திரும்பி வரும்போது, சத்திரம் பஸ் ஸ்டாண்டு தாண்டி, மிச்சப் பாட்டில் மடியில் உருண்டபோதுதான் உறைத்தது. புருஷன் செத்துக் கிடக்கிற வீட்டில், வந்தவன் தன் வீட்டுத் தண்ணீரைக் குடிப்பானா மாட்டானா என்று அந்த அம்மா யோசித்திருக்கிறார். யாரும் அவருக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. நாற்பது வருஷமாக நான் அந்த வீட்டு வாசலை மிதிக்காததிலிருந்தே தெரிந்துகொண்டிருப்பார்.

மாநாட்டுப் பந்தியில் பக்கத்துப் பக்கத்து இலை, டீக்கடையில் ஒரே பெஞ்சு, டிசம்பர் 25 வந்தால் வெண்மணித் தியாகிகள் அஞ்சலிக்கு ஒரே வண்டி. எல்லாம் உண்டு. அவர் என் வீட்டுக்கும் எத்தனையோ தடவை வந்திருக்கிறார். அம்மா இருந்தவரை திண்ணை ஜன்னலில் காது உடைந்த கப் ஒன்று இருந்ததே, நினைவிருக்கிறதா? அவருக்கென்று எடுத்து வைத்தது அது. எனக்குத் தெரியும். அம்மா போன பிறகு அந்தக் கப் எங்கோ காணாமல் போனது. நம் வீட்டில் தீண்டாமை ஒழிந்துவிட்டது என்று அப்போது கணக்கு எழுதிக்கொண்டேன். கணக்கு அப்படியொன்றும் சுலபமாக முடிகிறதில்லை.

அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. 1983இல் சங்கத்தில் நடந்த மார்க்சிய வகுப்பு ஞாபகம் வந்தது. வாத்தியார் தோழர், ஓட்டுக் கொட்டகை, ஆளுக்கு அரை டீ. மார்க்ஸ் 1853இல் இந்தியாவைப் பற்றி அமெரிக்கப் பத்திரிகைக்கு எழுதிய கட்டுரையை வாசித்தார். பம்பாயிலிருந்து தாணேவுக்கு முதல் ரயில் ஓடியதும் அதே வருஷம்தான். ரயில்வே வந்தால் அதன் பின்னால் நவீனத் தொழில் வரும், அந்தத் தொழில் சாதியைத் தாங்கி நிற்கும் பரம்பரைத் தொழில் பிரிவினையைக் கரைத்துவிடும் என்று மார்க்ஸ் எழுதியிருந்தார். நமக்கெல்லாம் புல்லரித்தது. ரயில்வேக்காரர்கள் அல்லவா, நாமே சாதியைக் கரைக்கப் போகிறவர்கள்! அப்போது கடைசி வரிசையிலிருந்து மாரிமுத்து அண்ணன் எழுந்தார். "ரயில் வந்தா சாதி கரையும்னா, ரயில்வேல நான் ஏன் தோழர் இந்த வேலையில நிக்கிறேன்?" கொட்டகையில் சத்தமே இல்லை. அவரே அதைக் கலகலப்பாக்கினார்: "அந்த ஐயா வண்டி மேல போறவங்களைப் பார்த்திருக்கார். கீழ எட்டிப் பார்க்கல போல." எல்லாரும் சிரித்தோம். வாத்தியார் தோழரும் சிரித்துவிட்டு, உற்பத்தி சக்திகள் வளர வளர என்று ஆரம்பித்து உபரி மதிப்புக்குப் போய்விட்டார்.

சிரித்தோமே தவிர, நான் என்ன வேலை பார்த்தேன் என்று நான் யோசித்ததே கிடையாது. ரயில் பெட்டி ஓவர்ஹாலுக்கு வந்தால் கக்கூஸ் வேலை எங்கள் கேங்குக்கு. பழைய பேசினைக் கழற்றி, புதுசை உட்கார்த்தி, அடியில் குழாயை போல்ட் போட்டு முறுக்குவோம். அப்போதெல்லாம் அந்தக் குழாய்க்குக் கீழே ஒன்றும் கிடையாது, தண்டவாளம்தான். 'நிலையத்தில் வண்டி நிற்கும்போது கழிப்பிடத்தை உபயோகிக்காதீர்கள்' என்ற தகட்டையும் நான்தான் நாலு ஸ்குரூ போட்டு அடித்தேன். எவன் படித்தான்? அதன் மறுமுனையில், பிளாட்பார ஓரத்துத் தண்டவாளத்தில் விளக்குமாறோடும் பிளீச்சிங் பவுடரோடும் அண்ணன் நின்றார். நான் மேலே போல்ட் முறுக்க, அவர் கீழே அள்ள, சாயங்காலம் ரெண்டு பேரும் ஒரே கேட் கூட்டத்தில் 'உலகத் தொழிலாளர்களே' என்று கை தூக்கினோம். என் ஒர்க்ஷாப்பில் இடஒதுக்கீட்டில் வந்தவர்களையும் சேர்த்து எல்லாச் சாதியும் இருந்தது. அவர் கேங்கில் எல்லாரும் அருந்ததியர். என் தெருவில் வேலையில்லாமல் எத்தனையோ பேர் அலைந்தார்கள், அந்தப் போஸ்டுக்கு மட்டும் ஒருத்தன் மனு போடவில்லை.

இதைத்தான் அம்பேத்கர் 1936லேயே, சாதி என்பது வேலையைப் பிரிப்பது மட்டுமல்ல, வேலை செய்கிறவர்களையே பிரிப்பது என்றார். நாம் அவரைப் பத்து வருஷம் தாமதமாகத்தான் படித்தோம். நீ அதற்கும் தாமதம். பம்பாய் மில் கதையை நீ சொல்லித்தான் எனக்குத் தெரியும். நெசவுப் பிரிவில்தான் கூலி அதிகம். நூல் அறுந்தால் வாயில் வைத்து ஈரப்படுத்தி இழுக்க வேண்டும், எச்சில் படும் என்று சொல்லித் தீண்டப்படாதவர்களை அந்தப் பிரிவுக்குள் விடவில்லை. விடாதவர்கள் முதலாளிகள் மட்டுமா? சக தொழிலாளிகள், செங்கொடிச் சங்கத்தில் சந்தா கட்டியவர்கள். எச்சில் பட்ட நூலையும் சீல் உடைக்காத பாட்டிலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன்.

நம் சென்னையிலும் 1921 பி அண்டு சி நெசவு மில் வேலைநிறுத்தம் இருக்கிறது. ஆதி திராவிடத் தொழிலாளர்கள் வேலைக்குத் திரும்பினார்கள், புளியந்தோப்பில் சண்டை மூண்டு குடிசைகள் எரிந்தன, துப்பாக்கிச் சூடு நடந்தது. 'நிர்வாகம் பிளவுபடுத்தியது' என்று வகுப்பில் ஒரு வரியில் கடந்துவிடுவோம். பிளவுபடுத்தியது உண்மைதான். பிளவு ஏற்கெனவே இருந்ததால்தான் ஆப்பு இறங்கியது. வேலைநிறுத்தத்துக்கு முந்தின நாள்வரை ஆலைக்கு வெளியே அவர்களை யாராக நடத்தினோம் என்று அந்த ஒரு வரி கேட்கவில்லை.

சரி, நீ இப்போது சிரிப்பாய். "அதைத்தானே பத்து வருஷமாகச் சொல்றேன், மார்க்சியம் இந்த நாட்டுக்குச் சரிப்படாதுன்னு" என்று மீசையைத் தடவுவாய். அவசரப்படாதே. சண்டையே இனிமேல்தான்.

கதிர் என்ன வேலை பார்க்கிறான் தெரியுமா? அவனுக்கும் சாக்கடையும் குப்பையும்தான். ஆனால் அப்பாவுக்கு இருந்த குவார்ட்டர்ஸ், பாஸ், பென்ஷன் ஒன்றும் கிடையாது. அண்ணன் ரிட்டையர் ஆனதும் அந்தப் போஸ்டை சரண்டர் பண்ணிவிட்டார்கள், வேலை கான்ட்ராக்டுக்குப் போய்விட்டது. கதிரும் ஒரு கான்ட்ராக்டரிடம்தான் இருக்கிறான். கைக்கு வருவது 9,500. சம்பளச் சீட்டில் வேறு தொகை இருக்கிறது, பி.எஃப். நம்பர் கேட்டால் அடுத்த மாதம் என்கிறார்கள். இதில் ஒரு விசேஷம், ஆள் பிடித்துக் கொடுத்துத் தினம் ஐம்பது ரூபாய் கமிஷன் எடுக்கிற மேஸ்திரி அவனுக்குச் சொந்த மாமன் முறை. அதே தெரு, அதே சாதி. இப்போது சொல், சாதியை மட்டும் வைத்து இந்த ஐம்பது ரூபாயை எப்படி விளக்குவாய்?

அண்ணனுடைய சர்க்கார் சம்பளத்தில்தான் கதிரின் தங்கை நர்ஸ் ஆனாள். அந்த ஒரு படியைக்கூடக் கான்ட்ராக்ட் உருவிவிட்டது. கான்ட்ராக்டில் இடஒதுக்கீடு கிடையாது என்கிறார்கள். துடைப்பம் பிடிக்கிற இடத்தில் மட்டும் யாரும் சட்டம் போடாமலே நூற்றுக்கு நூறு நடக்கிறது.

மனிதனை மலம் அள்ள வைப்பதைத் தடை செய்து 1993இல் ஒரு சட்டம் வந்தது, 2013இல் இன்னொன்று. சாக்கடையில் செத்தால் பத்து லட்சம் என்று 2014இல் உச்ச நீதிமன்றம் சொன்னது, 2023இல் அதை முப்பது லட்சம் ஆக்கியது. சாவுக்கு ரேட் ஏறுகிறது, ஆள் சாக்கடைக்குள் இறங்குவது நிற்கவில்லை. மெஷின் இல்லையா என்ன? மார்க்ஸின் 'மூலதனம்' முதல் தொகுதியில் மெஷினைப் பற்றிய அத்தியாயத்தில் ஓர் இடம் வரும். இங்கிலாந்தில் கால்வாய்ப் படகுகளை இழுக்கக் குதிரைக்குப் பதில் சில சமயம் பெண்களை வைத்தார்கள். குதிரைக்கு ஆகிற செலவு கணக்குப் போட்டால் தெரிந்துவிடும், உபரி ஜனத்தொகையில் இருக்கிற பெண்ணுக்கு ஆகிற செலவோ கணக்கிலேயே வராத அளவு கம்மி. அன்று ராத்திரி அந்தப் பக்கத்தை எடுத்துத் திரும்பப் படித்தேன். நம் ஊரில் அந்த ஆளை யார் இவ்வளவு மலிவாக்கி வைத்திருக்கிறார்கள்? பிறக்கும்போதே விலை போட்டு அனுப்புகிறது சாதி. அதை எடுத்து டெண்டரில் போடுகிறது மூலதனம். பொருளாதாரம்தான் அடித்தளம், சாதி அதன்மேல் எழும்பிய மேற்கட்டுமானம், அடித்தளம் மாறினால் தானாக உதிரும் என்று நாம் ஒப்பித்தது தப்புடா. அது அடித்தளத்துக்குள்ளேயே கம்பியாகப் போட்டிருக்கிறது. அதற்காக அடித்தளமே இல்லை என்று சொல்கிற உன் கட்சிக்கு நான் வரமாட்டேன். 1968இல் வெண்மணியில் அரைப்படி நெல் கூடக் கேட்டது கூலிப் போராட்டம். குடிசைக்குள் எரிந்த 44 பேரும் சேரிக்காரர்கள், அது சாதி. எதிலிருந்து எதைப் பிரித்தெடுப்பாய்?

உன் மருமகன் அனுப்பச் சொன்னதாக ஒரு ஃபார்வர்டு அனுப்பினாயே, இந்தியா எவ்வளவு வேகமாக வளர்கிறது என்று. வளர்கிறது, மறுக்கவில்லை. 2022-23 கணக்குப்படி நாட்டுச் சொத்தில் 40.1 சதவீதம் மேலே இருக்கிற ஒரு சதவீதம் பேரிடம் இருக்கிறது. பொருளாதார அறிஞர் பிக்கெட்டி குழுவின் கணக்கு இது. அந்த ஒரு சதவீதத்தில் கதிர் தெருவிலிருந்து எத்தனை பேர் என்று உன் மருமகனைக் கேள். மேஸ்திரி மாமனும் அதில் வரமாட்டான் பாவம்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அண்ணனுக்குப் படத்திறப்பு வைக்க வேண்டும். சங்க ஹாலில் வைத்துக்கொள்ளலாம், எல்லாருக்கும் வசதி என்று நம் ஆட்கள் பேசினார்கள். கதிர் தலையைக் குனிந்துகொண்டு, "அப்பாவுக்கு எங்க தெருதான் வசதி, தோழர்" என்றான். தெருவிலேயே வைப்போம், சாப்பாடும் அங்கேயே சமைப்போம், அவர்கள்தான் சமைக்கட்டும் என்று நான் சொன்னேன். ஐந்து நிமிஷத்தில் ஒருத்தருக்கு அன்றைக்குப் பேரன் காதுகுத்து, ஒருத்தருக்குச் சர்க்கரை, ஒருத்தர் "நான் சாப்பிட்டுட்டு வந்துடறேன்" என்றார். அவர் 1974 ரயில்வே வேலைநிறுத்தத்தில் ஜெயிலுக்குப் போனவர், செல்வராஜ். பெயர் எழுதவில்லை, நீயே கண்டுபிடித்துவிடுவாய். அவரிடம் கோபமாக ஏதாவது சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன், பாட்டில் ஞாபகம் வந்தது, மூடிக்கொண்டேன். வருகிறவர்களை ராத்திரி விரல் விட்டு எண்ணிப் பார்க்கிறேன், ஒரு கை தாண்டவில்லை. அண்ணியிடம் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். இந்தத் தடவை நானே குடத்தில் மொண்டு குடித்தேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. பார்த்துக்கொண்டிருந்தார், அவ்வளவுதான். ரொம்ப லேட் என்று நினைத்தாரோ என்னவோ.

இந்த மாதக் கடைசி ஞாயிறு, காலை பத்து மணி. வைகை எக்ஸ்பிரஸைப் பிடித்தால் சரியாக இருக்கும். உன் பச்சை அட்டை நோட்டைக் கொண்டு வா. வகுப்புக் குறிப்பு எழுதியது நீதானே. அண்ணன் அன்று கேட்ட கேள்வியை எழுதி வைத்தாயா, சிரித்ததோடு விட்டுவிட்டாயா, பார்க்க வேண்டும். எழுதியிருந்தால் படத்தைத் திறந்ததும் அதை நீதான் படிக்க வேண்டும். எழுதவில்லை என்றாலும் வா.

முட்டிக்கு மாத்திரையும் எடுத்துக்கொள். பந்தி தரையில்தான்.

உன்,
ராமு